சூரைச்செடியின் கீழ் வந்த அடை



வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கர்மேலின் மேல் அக்கினியை இறக்கின எலியா, ஒரு பொம்பளையின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறான். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறான்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? தட்டி எழுப்பி, "அவிசுவாசம் பேசாதீங்க பிரதர்" என்று தலையில் கைவைத்து ஜெபம் ஆரம்பித்திருப்போம். தேவதூதன் அப்படிச் செய்யவில்லை. தழலிலே சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான். தூதன் அதற்கும் கோபப்படவில்லை. இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். பயணம் தூரம், உன் சரீரம் தாங்காது என்பதுதான் காரணம். மெல்லிய சத்தத்தில் தேவன் பேசினது அதற்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான்.

இந்த அதிகாரத்தை நான் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அந்த அடையைத் தாண்டிக்கொண்டு நேரே மெல்லிய சத்தத்துக்குப் போய்விடுவேன். அப்படித் தாண்டினதால் ஒரு மனுஷனுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த மாதம் உங்களிடம் அறிக்கை செய்யப்போகிறேன். சபைக்கு முன்பாகச் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். கர்த்தர் மன்னிப்பாராக.

2011-ஆம் வருஷம். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சில வருஷமே ஆகியிருந்தது. பகலில் எலக்ட்ரிக்கல் கடை, சாயங்காலம் ஊழியம். வைராக்கியம் அதிகம், அறிவு கொஞ்சம். உப்பளத்தில் மூட்டை சுமக்கிற ஒரு அண்ணாச்சியை அவர் சம்சாரம் எங்கள் ஜெபவீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். 20 வருஷக் குடி. காலையில் பல் தேய்க்கும் முன்னே ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும், டீ கிளாசைப் பிடிக்க முடியாது. சோறு ஒருவேளை உண்டு, பல நாள் அதுவும் கிடையாது. "பாஸ்டர், இந்த மனுஷனை எப்படியாவது விடுதலையாக்கித் தாங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு" என்று அந்தத் தாய் அழுதார்கள்.

நான் மூன்று நாள் உபவாச ஜெபம் அறிவித்தேன். அவரும் மனதார ஒப்புக்கொண்டார். கடைசி பாட்டிலை எங்கள் எல்லார் முன்னாலும் சாக்கடையில் ஊற்றினார். அல்லேலூயா என்று சபையே சத்தமிட்டது. அந்த மனந்திரும்புதல் மெய்யானது. அதில் எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம் இல்லை.

முதல் நாள் ராத்திரி வியர்த்துக் கொட்டினது, வாந்தி எடுத்தார். ஜெபித்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் வலிப்பு வந்தது. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? மாற்கு 9-இல் அந்தப் பிள்ளையை அலைக்கழித்துவிட்டு ஆவி புறப்பட்டுப் போனதே, அதுதான் இது என்று நினைத்தோம். இன்னும் சத்தமாக ஜெபித்தோம். அன்று ராத்திரியிலிருந்து பாயில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். செத்துப்போன தகப்பனார் வாசலில் நிற்கிறார் என்றார். இரண்டு வாலிபர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, நான் அதட்டிக் கட்டளையிட்டேன். மூன்றாம் நாள் நிற்க முடியவில்லை, கால் தள்ளாடினது, கண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடினது. அவர் பெரிய மகள், பதினாலு வயசுப் பிள்ளை, "எங்க அப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று கத்தினாள். அந்தப் பிள்ளை கத்தினதால்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. "கடைசியா எப்ப குடிச்சார்? கடைசியா எப்ப சாப்பிட்டார்?" இரண்டுக்கும் ஒரே பதில்தான்: மூணு நாள் ஆச்சு சார். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நர்சிடம் ஊசி எடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

உயிர் தப்பினது, ஸ்தோத்திரம். ஆனால் ஞாபகம் திரும்பவில்லை.

பிரியமானவர்களே, அந்த மூன்று நாளில் நடந்தது என்ன என்பதை நம் சபையில் ஸ்டாப் நர்சாக இருக்கிற சகோதரி பிற்பாடு எனக்கு உட்காரவைத்து விளக்கினார்கள். வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவனுடைய மூளை அந்தச் சாராயத்துக்கு ஈடுகொடுத்தே வேலை செய்யப் பழகியிருக்கிறது. திடீரென்று நிறுத்தினால், கட்டி இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை அறுத்துவிட்டதுபோல நரம்பு மண்டலம் துள்ளுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் பிதற்றல், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், படபடப்பு. இதை ஆங்கில வைத்தியத்தில் டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் ஆள் செத்துப்போகலாம். ஆஸ்பத்திரியில் வைத்து, டயசிபாம் வகை மாத்திரைகளைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் இதைத் தடுத்துவிட முடியும்.

நீதிமொழிகள் 23-இன் கடைசிப் பகுதியை வாசித்துப்பாருங்கள். மதுபானத்திலே தங்கித் தரிப்பவன் விபரீதமானவைகளைக் காண்பான், நடுக்கடலில் படுத்திருக்கிறவனைப்போல் இருப்பான் என்ற கருத்தில் சாலொமோன் எழுதிவைத்திருக்கிறார். கண் ஆடுகிறவனையும் கால் தள்ளாடுகிறவனையும் வேதமே எனக்குக் காட்டியிருந்தது. நான் அதைக் குடிகாரனைக் கண்டிக்கிற வசனமாக மட்டுமே வாசித்திருந்தேன்.

இரண்டாவது சங்கதி இன்னும் நுணுக்கமானது. தயமின் என்று ஒரு வைட்டமின், பி1 என்பார்கள். சரீரம் அதைச் சில வாரங்களுக்கு மேல் சேர்த்து வைக்காது. குடிக்கிறவன் சாப்பிடுவதும் குறைவு, சாப்பிட்டதிலிருந்து அந்தச் சத்தை உறிஞ்சவும் மது விடாது. அது தீர்ந்துபோனால் புத்தி மயங்கும், கண் ஆடும், நடை தள்ளாடும். கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய வைத்தியர் 1881-லேயே இதை எழுதிவைத்தார். 1887-இல் ருஷ்ய தேசத்து கோர்சகாவ் என்பவர் அதன்பின் வருகிற ஞாபக இழப்பை எழுதினார். புதிதாக எதுவும் மனதில் பதியாது. இடைவெளியை மனசு தானாகவே கதைகட்டி நிரப்பிக்கொள்ளும். அவன் பொய் சொல்லுகிறான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கே அது கதை என்று தெரியாது.

நேரத்தோடே தயமினை ஊசியாகப் போட்டால் இதைத் தடுக்கலாம். விலை அதிகமில்லாத மருந்து. குளுக்கோஸ் ஏற்றும் முன்னே, இல்லாவிட்டால் அதோடுகூடவாவது, இதைக் கொடுக்கவேண்டும் என்று டாக்டர்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஏற்கெனவே சாப்பாடு இல்லாமல் வற்றிப்போயிருந்த ஒரு சரீரத்தை நான் மூன்று நாள் பட்டினி போட்டேன். தூதன் அடை கொண்டுவந்த இடத்தில் நான் உபவாசம் கொண்டுவந்தேன்.

"அப்படியானால் ஜெபத்தால் குடி போகாதா பாஸ்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். போகும்! ஒரே ராத்திரியில் விட்டு, திரும்பிப் பார்க்காத சகோதரர்கள் நம் சபையிலேயே மூன்று பேர் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். தேவனுடைய கரம் குறுகிப்போகவில்லை. ஆனால் 2 இராஜாக்கள் 20-ஐப் பாருங்கள். எசேக்கியாவுக்கு 15 வருஷ ஆயுசு கூட்டினேன் என்று கர்த்தர் வாக்குக்கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தது. யவீருவின் மகளை உயிரோடெழுப்பின நம் ஆண்டவர், அந்த அறையைவிட்டுப் போகுமுன் என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார் (மாற்கு 5:43). மரித்தவளை எழுப்ப வல்லவருக்கு அவள் பசியை ஆற்றத் தெரியாதா? அதை வீட்டாரிடம் விட்டார்.

நம்மில் சிலர் மருந்தே எடுப்பதில்லை என்று தீர்மானம் பண்ணியிருக்கிறார்கள். அவர்கள் விசுவாசத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என் தலைவலிக்கு நான் எடுக்கிற தீர்மானம் வேறு, இன்னொருத்தன் ஈரலுக்கு நான் எடுக்கிற தீர்மானம் வேறு. (தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் எழுதின 1 தீமோ. 5:23-ஐ மாத்திரம் குடிக்கிற எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். மற்ற வசனம் ஒன்றும் தெரியாது. பவுல் அங்கே பேசுவது வியாதிக்கு வைத்தியத்தை, குவார்ட்டரை அல்ல.)

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது நம் சபைகளின் குறை மட்டும் அல்ல. ஒரு குடிகாரன் ரத்தவாந்தி எடுத்து வயிற்று வார்டுக்குப் போகிறான். வயிற்றைச் சரிபண்ணி, "இனிமே குடிக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எப்படிக் குடிக்காமல் இருப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவனே குடிமறதி இல்லத்துக்குப் போனால் பேசுகிறார்கள், ஜெபிக்கிறார்கள், கவுன்சிலிங் கொடுக்கிறார்கள். காலில் இருக்கிற சர்க்கரைப் புண்ணையும் ஒரு மாதமாக இருக்கிற இருமலையும் பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. ஒரே மனுஷன், இரண்டு கதவு. அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் கிடக்கிற ரோட்டில்தான் அவன் திரும்பவும் விழுகிறான். அந்த ரோட்டில் என்ன கடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் சாக்ரமெண்டோ பட்டணத்தில் கைசர் பெர்மனென்டே என்ற வைத்திய ஸ்தாபனத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, 2001-இல் வெளியிட்டார்கள். குடி, போதைக்குச் சிகிச்சைக்கு வந்தவர்களைச் சீட்டுப்போடுவதுபோல இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சரீர வைத்தியமும் போதைச் சிகிச்சையும் சேர்ந்தே நடந்தது. மற்றக் கூட்டத்துக்குத் தனித்தனியாக நடந்தது. போதையினால் வருகிற சரீர வியாதிகள் ஏற்கெனவே இருந்தவர்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால், ஆறு மாதம் கழித்துச் சேர்த்துப் பார்க்கப்பட்டவர்களில் 100-க்கு 69 பேர் போதையைத் தொடாமல் இருந்தார்கள். தனித்தனியாகப் பார்க்கப்பட்டவர்களில் 55 பேர். சரீரத்தைக் கவனித்தது ஆத்துமாவின் வேலையைக் கெடுக்கவில்லை, பார்த்தீர்களா!

நல்ல சமாரியனைப்பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனாலும் அவன் செய்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் காயத்தைக் கட்டினான். பிறகு தன் மிருகத்தின்மேல் ஏற்றினான். பிறகு சத்திரம். பிறகு செலவுக்குப் பணம். கடைசியாக, நான் திரும்பி வருவேன் என்று தவணை சொன்னான். குற்றுயிராய்க் கிடந்தவனிடம் ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை. இதை எழுதின லூக்காவே ஒரு வைத்தியன் (கொலோ. 4:14).

இப்போது சில காரியங்களைக் குடும்பங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுகிறேன்.

தினமும் குடிக்கிற ஒருவரை, முக்கியமாகக் காலையிலே கை நடுங்கி எழுந்திருக்கிறவரை, ஏற்கெனவே வலிப்பு வந்தவரை, வீட்டிலே பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நிறுத்தவேண்டும் என்ற வாஞ்சை வந்த அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபித்துக்கொண்டே கூட்டிப்போங்கள். பிதற்றலோ வலிப்போ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாஸ்டரை அதற்கப்புறம் கூப்பிடலாம். போதைமீட்பு ஆலோசனைக்கு அரசாங்கத்தின் இலவச எண் 14446.

அடுத்தது, பேப்பரில் விளம்பரம் வருகிறதே, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுங்கள் என்று ஒரு பவுடர். தயவுசெய்து வேண்டாம் தாய்மாரே! அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்தை டாக்டர்களே கொடுப்பதுண்டு. குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிப்போகும். அதனால்தான் சாப்பிடுகிறவருக்குச் சொல்லி, ஈரலும் இருதயமும் தாங்குமா என்று சோதித்து, அவர் சம்மதத்தோடே கொடுக்கிறார்கள். தெரியாமல் தின்றுவிட்டுக் கடைக்குப் போனவர் உயிருக்கே ஆபத்து. நல்ல எண்ணத்தோடேதான் செய்கிறீர்கள். நானும் நல்ல எண்ணத்தோடேதான் செய்தேன்.

குடியை விட்டுவிட்டார், சாட்சி சொல்லிவிட்டார், ஞானஸ்நானம் எடுத்துவிட்டார், அத்தோடே முடிந்தது என்று விடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல் சோதனை, மஞ்சள் காமாலைக் கிருமி, எய்ட்ஸ் கிருமி, இருமல் இரண்டு வாரத்துக்குமேல் இருந்தால் சளிப் பரிசோதனை, இவைகளெல்லாம் பார்க்கவேண்டும். காசநோய்க்கு அரசாங்கத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். அந்த மாத்திரைகளில் சில ஈரலைத் தொடும். ஆகவே குடித்த கதையை டாக்டரிடம் மறைக்காதீர்கள். விசுவாசியாகிவிட்டேன், பழசைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது என்கிறார்கள். ஆண்டவர் மன்னித்துவிட்டார், உண்மை. ஈரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நம் வாலிபப் பிள்ளைகளில் சிலர் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் துக்கப்படுகிறேன். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவும். ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாக்கலாம். 2018-இல் தொடங்கின தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. சோதித்தால்தானே தெரியும்?

பீடியையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வந்தாலும் சரி. குடியை விட்டவர்கள் கை சும்மா இராமல் பீடிக்கட்டைத் தேடும். "அதாவது இருந்துட்டுப் போகட்டும் பாஸ்டர்" என்பார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தில் குடிக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல வருஷம் கவனித்து 1996-இல் வெளியிட்டார்கள். மரித்தவர்களில் பாதிப்பேருக்குச் சற்று அதிகமானோர் புகையிலை வியாதிகளால் போயிருந்தார்கள். குடியால் போனவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எகிப்தைவிட்டு வெளியே வந்தவனை வனாந்தரத்தில் சாகவிடலாமா?

நம் சபையில் 2019 முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்வரிசை மேஜையில் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினோடும் சர்க்கரை பார்க்கிற மெஷினோடும் நர்ஸ் சகோதரி உட்காருகிறார்கள். முதலில் மூத்த விசுவாசிகள் சிலர், "இது சபையா, ஆஸ்பத்திரியா?" என்றார்கள். லேவியராகமத்தில் ஆசாரியன் தோலைச் சோதித்துப் பார்க்கும்போது ஆசரிப்புக்கூடாரம் என்னவாக இருந்ததாம்? இப்போது அவர்களே வரிசையில் முதலில் நிற்கிறார்கள். குடியை விட விரும்பி யாராவது வந்தால், ஒரு மூப்பர் ஜெபிக்க, இன்னொருவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூடப்போகவேண்டும் என்று வைத்திருக்கிறோம். சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நடுங்குகிற கை அந்தச் சீட்டைத் தொலைத்துவிடும். உபவாசம் அவருக்குக் கிடையாது, அவருக்காக நமக்கு உண்டு. அவருக்குக் கஞ்சியும் முட்டையும் கொண்டுபோகிற பொறுப்பை சகோதரிகள் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன தேதிக்குத் திரும்பக் கூட்டிப்போவதுதான் கஷ்டம். அதற்கு இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள், பைக் உள்ளவர்கள் பேர் கொடுக்கவும்.

அந்த அண்ணாச்சி இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். அன்று கத்தின அந்தப் பிள்ளைக்குக் கலியாணமாகி, அவள்தான் கைப்பிடித்துக் கூட்டிவருகிறாள். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பழைய பாமாலைகளைப் புத்தகம் இல்லாமல் பாடுவார். பேரனைப் பார்த்து, "இது யாரு பிள்ள?" என்று ஒரே ஆராதனையில் நாலு தரம் கேட்பார். "நேத்து ராத்திரி லோடு இறக்கப் போனேன்" என்று சொல்லுவார். உப்பளம் பக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. மகள் மறுத்துப் பேசுவதில்லை. "சரிப்பா" என்பாள்.

போன ஞாயிறும் வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அந்தப் பாட்டிலை ஊற்றின நாளின் சந்தோஷம் அப்படியே இருந்தது.

"பாஸ்டர், நாளைக்குத்தானே உபவாச ஜெபம் ஆரம்பிக்குது? நான் வந்துருவேன்."

"இல்ல அண்ணாச்சி, உபவாசம் இல்ல. சாப்பிட்டியளா?"

யோசித்தார். ஞாபகம் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய் இலை போட்டு உட்காரவைத்தோம்.